கிணற்று வாயிலில்

வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இங்கிலீஷ்தான், முதல் சொல்லிலிருந்தே இங்கிலீஷ், நமக்கு ஒன்றும் பிடிபடாது, பிடிபடாது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கொட்டுகிற மழைச் சத்தத்துக்குள் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று தேடுகிறவன் மாதிரி. தீர்ப்பைத் தபாலில் அனுப்பிவிடுவதுதான் வழக்கமாம். இந்த ஜட்ஜ் ஐயாதான், ரிட்டையர் ஆனவர், எங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவராக இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட மனுசர், முள்ளிவலசைக்காரர்கள் அத்தனை தூரத்திலிருந்து வந்து சாட்சி சொன்னார்களே, நேரிலேயே வாசித்துவிடுகிறேன் என்று மதுரைக்குக் கூப்பிட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் தபால் என்றால் தோற்ற செய்தி வீட்டுக்கு வரும், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு துண்டை மேலே இழுத்துக்கொள்ளலாம். இந்த ஓட்டல் கூடத்தில் எதை எங்கே இழுத்துக்கொள்ள. மேசைக்கெல்லாம் வெள்ளைத் துணி உடுத்தி வைத்திருக்கிறார்கள், ஏ.சி. காற்று நேரே என் கழுத்துக்கு வருகிறது, காலடியில் கம்பளம், செருப்பைக் கழற்றி வைக்க வேண்டுமா வேண்டாமா என்றே எனக்கு இன்னும் தெளியவில்லை. வலது பக்கம் காதர் மைதீன், எங்கள் ஊர்ச் சங்கத்துப் பொருளாளன், மாப்ளே என்றால் ஏன் மாமா என்கிறவன். இடது பக்கம் சீனியம்மா, சங்கத்துப் பெண்கள் சார்பில் வந்தவள், பஸ் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு முன்னால் வக்கீலம்மா ஜெஸிந்தா, மண்டபம் கடற்கரைப் பிள்ளை, கறுப்புக் கோட்டு. உள்ளே வரும்போதே சொல்லிவிட்டது. "ஐயா, கடைசிப் பக்கம் வரைக்கும் எதுவும் தெரியாது. அவர் மூஞ்சியப் பாத்து நீங்களா முடிவு பண்ணிக்கிறாதீக." சரிம்மா என்றேன். மூஞ்சியைப் பார்க்கவில்லை, குரலைத்தான் பார்க்கிறேன். நம் பேச்சில் சொல்லுக்கு வால் முளைக்கும், ஊருக்கு, ஊரில், ஊரோடு, ஊரைவிட்டு. இங்கிலீஷ் சொல் வால் இல்லாத ஆட்டுக்குட்டி மாதிரி நறுக்கு நறுக்கென்று ஓடுகிறது. அந்த மந்தைக்குள் நம்மூர் ஆடு ஒன்று உண்டு, பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து வாசிக்கிற ஒரு தமிழ்ச் சொல். அது கத்தினால் எனக்குத் தெரியும். இதோ, இதோ சொன்னார். வாயில். இல்லை, வாயிலில். எது, எதைச் சொன்னார், காதர் அந்த நேரம் பார்த்து இருமித் தொலைத்தான்.

அந்த ஒரு வால்தான் வழக்கே. பூமிக்குள் இருக்கிறது சர்க்காருடையது, அதற்கு ராயல்டி சர்க்காருக்கே போகும், அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் கிணறு தோண்டிக் காஸ் எடுக்க வந்த கம்பெனிக்கு மேல்மண் வேண்டும், பாதை வேண்டும், ஊரின் சம்மதம் வேண்டும். அதற்காகத்தான் குத்தகைக்கு மேலே ஊர்ப் பங்கு என்று தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். கிணற்று வாயிலில் எரிவாயுவுக்குக் கிடைக்கும் விலையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஊர்ச் சங்கத்துக்கு. கருவேலங்காட்டு நடுவில் சாமியானா போட்டு, கம்பெனி ஆபீசர் நின்றுகொண்டு வாசித்தார், சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. வாயிலில். எனக்கு அந்த இடத்தில் காது லேசாக இடறியது. நம் ஊரில் எவன் வாயிலில் என்று பேசுகிறான், வாசலில் என்றால் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகைத் தமிழ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாசல் என்றால் எது என்றும் தெரிந்தது, கண்ணுக்கு முன்னால் நின்றது, அப்போதுதான் பச்சை பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த இரும்பு கேட்டு. கேட்டுக்குப் பக்கத்தில்தான் மீட்டர் ரூம். கரண்டு தயாரிக்கிறவர்கள் குழாய் கொண்டுவந்து சேர்த்து, இவ்வளவு வாங்கினோம் என்று அளந்து எடுத்துக்கொள்கிற இடம். அங்கே என்ன விலையோ அதில் மூன்று பங்கு, கணக்குச் சுத்தம், கைநாட்டு வைப்பவர் வைத்தார், கையெழுத்துப் போடுகிறவர் போட்டோம், சங்கத் தலைவர் என்று என் பேர் முதலில், வில்லாயுதம். இப்போது கம்பெனி சொல்கிறது, அது வாயிலில் இல்லை, வாயில். வாய், அதற்கு இல் என்று ஒரு வால். கிணற்றின் வாய்க்குள். காஸ் பூமியை விட்டு மூக்கை நீட்டுகிற இடம். இங்கிலீஷில் நாங்கள் நினைத்தது அதுதான், தமிழில் டைப் அடித்தவர் ஒரு 'லி'யைக் கூடுதலாகப் போட்டுவிட்டார், கை தவறிய எழுத்து, அதைத் தள்ளிப் படியுங்கள் என்கிறது. வாயில் என்றால் வாய்க்குள். வாயிலில் என்றால் வாசலில். ஒரு எழுத்துக்கு நடுவில் எத்தனை தூரம். கிணற்றிலிருந்து கேட்டுவரை நடந்தால் ஒரு பீடி தீர்கிற தூரம்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள்தான் எங்கள் பங்கு காணாமல் போயிற்று.

எப்படிப் போகும் என்று சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அது புரிந்த அளவுக்கு வேறெதுவும் இந்த வழக்கில் புரியவில்லை, ஏனென்றால் நான் கரிமூட்டம் போட்டவன். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் பூசி, உள்ளே தீயை வைத்து, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் வேகவைத்துக் கரியாக்குகிற பிழைப்பு. யாவாரி வருவான். மூட்டத்தடி விலை இவ்வளவு என்பான். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். பிறகு உட்கார்ந்து கழிப்பான். சலித்த கூலி, சாக்கு, சணல், தைத்த கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வழியில் டீ. ஏனய்யா என்றால் நான் உனக்குப் பேசினது மூட்டத்தடி விலையப்பா, அங்கே வெந்து கிடக்கிறதுக்குத்தான் விலை, சாக்கில் கட்டி நிற்கிறது வேற சரக்கு என்பான். மூட்டத்தடியில் எவன் வந்து சுடச்சுடக் கரியை அள்ளிக்கொண்டு காசு கொடுத்தான், ஒருத்தனும் இல்லை. இல்லாத இடத்தில் ஒரு விலையை வைத்து, இருக்கிற இடத்திலிருந்து பின்னுக்குப் பின்னுக்குக் கழித்துக்கொண்டு வருவது. கம்பெனியும் அதைத்தான் செய்தது. வாயில் வருகிற காஸ் ஈரமாக இருக்குமாம், உலர்த்தணும், அந்தச் செலவு. அழுத்தம் போதாதாம், மெஷின் வைத்து அழுத்தணும், அந்தச் செலவு. கேட்டுவரைக்கும் குழாய், குழாய்க்குத் தேய்மானம். நமக்குப் பழக்கமான பாட்டுத்தான், இங்கிலீஷ் மெட்டில் பாடுகிறார்கள். கரி யாவாரியாவது கடைசியில் வெற்றிலைக்காவது கொடுத்துவிட்டுப் போவான். இவர்கள் அனுப்பின கணக்கில் ஒரு மாசம் எங்கள் பங்குக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. காதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது மைனசு. நம்ம ஊருக்கு அடியில இருந்து காஸ் எடுத்ததுக்கு நாமதான் அவுகளுக்குக் காசு கொடுக்கணுமாம்" என்றான். நான் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர என்ன செய்ய. அப்புறம் அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நாளாயிற்று, ஏனென்றால் அந்தக் கோடு நேரே தண்ணீரில் போய் விழுந்தது.

மறுபடி சொன்னார். இந்தத் தடவை வாயில். சந்தேகமே இல்லை, வாயில். வக்கீலம்மாவின் முதுகைப் பார்க்கிறேன், அசையவில்லை. எதிரே கம்பெனி வக்கீல் நந்தகோபன் தலையை ஆட்டிக்கொள்கிறார், மெதுவாக, பாட்டுக் கேட்கிற மாதிரி. என் நினைப்பு ஊருக்குப் போய்விட்டது. தண்ணீர். எங்கள் ஊர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, பாருங்கள், வாயில், எங்கே போனாலும் இந்தச் சொல் வந்து முன்னால் நிற்கிறது. உப்பு என்றால் கடல் உப்பு. ஊர்ப் பங்கில் முதலில் வந்த காசில் ஊரே கூடி ஒரே முடிவாக ஒரு மெஷின் வாங்கினோம், உப்பைப் பிரித்து நல்ல தண்ணீராக்குகிற மெஷின். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு, சீனியம்மாதான் எழுந்து, "பிரிச்சுக் குடுத்தா ஆம்பளைக குடிச்சிருவாக, மெஷினா வாங்குனா ஊரே குடிக்கும்" என்று உட்கார்ந்தாள். அதற்கு மேல் பேச்சில்லை. மெஷின் ஓடின நாட்களில் பெண்கள் நடையே மாறிப்போயிற்று. நான் மிகையாகச் சொல்லவில்லை, குடவண்டியைத் தள்ளித் தள்ளி முன்னால் குனிந்தே நடந்த பொம்பளைகள் நிமிர்ந்து நடந்தார்கள், என் வீட்டுக்காரி ராக்கு இவ்வளவு உயரம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பங்கு மைனசு ஆனதும் கரண்டுக்கு வழியில்லை, வடிகட்டி மாற்ற வழியில்லை, மெஷின் ரூமுக்குப் பூட்டு. குடவண்டி மறுபடியும் ரோட்டுக்கு வந்தது. பக்கத்து ஊர்க் குழாயடிக்கு நம் பெண்கள் போனால், "காஸ் ஊருக்காரிக வந்துட்டாக, வழி விடுங்கடி" என்று நக்கல். அந்த நக்கலை ராக்கு என்னிடம் சொன்னதில்லை. குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் சொல்லுவாள். இப்போது இவர் வாசிக்கிற இங்கிலீஷில் வாயில் என்று முடிந்தால் பூட்டு அப்படியே துருப்பிடிக்கும், வாயிலில் என்று முடிந்தால் பூட்டு திறக்கும். வேறெதுவும் இல்லை, அவ்வளவுதான், ஒரு லி. கடவுளே, அந்த லியைக் கீழே போட்டுவிடாதே.

போட்டது நான்தானோ. இதை நினைக்கக் கூடாது என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன், பரமக்குடி தாண்டுவதற்குள் நினைத்துவிட்டேன். போன முறை இதே கூடம், இதே நாற்காலி, சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நந்தகோபன் ஐயா எழுந்து வந்தார். அழகான தமிழ், குரல் வெண்ணெய். "பெரியவரே, பத்திரம் வாசிச்சப்ப நீங்க இருந்தீங்க?" இருந்தேன்யா என்றேன். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் தெரியும், அப்படித்தானே?" "அது ஒண்ணுதான்யா தெரியும்." கூடத்தில் சிரித்தார்கள், எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது, அதுதான் வினை. "அப்ப சொல்லுங்க, வாய்னா என்ன?" இது என்ன கேள்வி. சின்னப் பிள்ளைக்குத் தெரியாதா. விரலை எடுத்து என் வாயில் வைத்துக் காட்டினேன், இதுதான்யா. "கிணத்துக்கு வாய் உண்டா?" "உண்டுய்யா." "எங்க இருக்கும்?" "மேல இருக்கும், கிணத்துக்கு மேல." "நன்றி பெரியவரே, அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில்தான் எனக்கு உறைத்தது, ஏதோ கொடுத்துவிட்டோம் என்று. வக்கீலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால் செய்தி போய்விட்டது, தலைவர் வாயைக் காட்டிவிட்டு வந்துவிட்டார் என்று. டீக்கடையில் பையன்கள், "வாங்க, வாயைத் தொறந்து காட்டுங்க" என்றார்கள், பல் வைத்தியர் வீட்டுக்கு வந்தவனைக் கேட்கிற மாதிரி. காதர்கூட, "மாமா, நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா வாய்தா வாங்கியிருக்கலாம்" என்றான். அவன் வேடிக்கைக்குச் சொன்னான். வேடிக்கை உள்ளே போய் முள்ளாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் வாய். பானை வாய், அடுப்பு வாய், மூட்டத்தின் உச்சியில் புகைபோக விடுகிற ஓட்டை அதுவும் வாய், புண்ணுக்கு வாய், பொய்க்கு வாய், வாய்க்கால், வாய்ப்பு, கண்மாய்கூட என் காதில் கண்வாய் என்று விழுந்தது. சாப்பிடும்போது கையை வாய்க்குக் கொண்டுபோனால் நந்தகோபன் ஐயா நன்றி பெரியவரே என்கிறார். அவர் அதோ இருக்கிறார். ஜட்ஜ் ஐயா இப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறார். என்னையேதான். பார்த்துக்கொண்டே ஏதோ சொல்லி, ஒரு விரலை எடுத்துத் தன் வாயில் வைத்துக் காட்டுகிறார். போச்சு. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. போச்சு, எல்லாம் போச்சு, என் வாயால்தான் போச்சு. ராக்குவிடம் என்ன சொல்ல, தீர்ப்பு எழுதினவரே என் விரலைத்தான் எழுதியிருக்கிறார் என்றா.

கம்பளத்தில் ஒரு நூல் பிரிந்து கிடக்கிறது. அதைப் பார்க்கிறேன். கட்டைவிரலால் அதைத் தடவினால் நகருகிறது, திரும்பி வருகிறது. குரல் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்க வேண்டாம் என்றால் காது கேட்கிறதா, அது பாட்டுக்கு மேய்கிறது. ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியிருக்கிறது. மூட்டத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவனுக்குத் தெரியும், உள்ளே வேகிற சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும், திடீரென்று ஒரு இடத்தில் இளகும், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, காது சொல்லும். இவர் குரல் இளகிவிட்டது. இதுவரைக்கும் தராசைப் பிடித்துக்கொண்டு பேசினவர் இப்போது தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறார். வாயிலில் என்றார். அழுத்தி, லியைத் தனியாக எடுத்து வைத்து. மறுபடியும் வாயிலில். அப்புறம் கிணற்று வாயை என்றார், அது என்ன, வாயை, அது எங்கே வந்தது, பத்திரத்தில் எங்கோ உண்டு, ஆமாம், காஸ் தீர்ந்த பிறகு கிணற்று வாயை மூடும் செலவு கம்பெனியுடையது என்று ஒரு வரி உண்டு, வக்கீலம்மா அதைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது மறுபடி வாயிலில். நந்தகோபன் ஐயாவின் தலை ஆடவில்லை. பேனாவை மூடுகிறார். மூடி சேருகிற சத்தம் எனக்குக் கேட்டது, அத்தனை தள்ளி, கேட்டது. பக்கத்திலிருந்த கம்பெனி அதிகாரி அவர் காதருகே குனிகிறார், இவர் கையை மட்டும் லேசாக உயர்த்துகிறார், இரும் என்று. வக்கீலம்மாவின் முதுகு. கறுப்புக் கோட்டுக்குள் அந்த முதுகு ஒரு மூச்சை இழுத்து, இழுத்து, விடவில்லை. அய்யா, வில்லாயுதம், நீயாக முடிவு பண்ணிக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறது பிள்ளை. பண்ணவில்லை. ஆனால் உள்ளங்கை வேர்க்கிறது, இந்தக் குளிரில் வேர்க்கிறது, பயத்து வேர்வை வேறு இது வேறு, இது சூடாக இருக்கிறது. காதர் என் முழங்கையை இடிக்கிறான். "மாமா, என்ன நடக்குது?" பேசாதே மாப்ளே. "நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு." எனக்கு எப்படித் தெரியும், நானும் உன்னைப் போலத்தானே. "உன் காதுக்குத் தெரியும், சொல்லு." சொன்னால் போய்விடுமோ என்று பயம். சொல்லவில்லை. நூலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது ஓடிவிடப் போகிற மாதிரி.

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டுத் தமிழில் பேசினார். இந்த மனுசரின் தமிழ் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ் என்று அப்போதுதான் தெரிந்தது. "இவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல வாசிச்சேன், அது சட்டத்துக்கு. இப்ப உங்களுக்குச் சொல்றேன். சண்டை வந்தா தமிழ்ல எழுதினதுதான் செல்லும்னு பத்திரத்துலயே இருக்கு. அதனால இங்கிலீஷ்ல என்ன நினைச்சாங்கங்கற பேச்சு எனக்கு வேண்டாம். கிணற்று வாயை மூடும் செலவுன்னு ஒரு இடத்துல சரியா எழுதியிருக்காங்க. வாயை வாய்னு எழுதத் தெரிஞ்சவங்க, பங்கு பேசற இடத்துல மட்டும் வாயிலில்னு எழுதினா, அது வேற இடம். எழுத்துப் பிழைன்னு சொன்னாங்க. பிழையாவே இருக்கட்டும். எழுதினது அவங்க, வாசிச்சுக் காட்டினது அவங்க, கேட்டது நீங்க. எழுதினவன் கைப்பிழைக்குக் கேட்டவன் குடம் ஏன் காலியாகணும்?" குடம் என்றார். யார் சொன்னார்கள் இவருக்குக் குடத்தை. சீனியம்மாதான் சாட்சியில் சொல்லியிருந்தாள், எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, எழுந்துவிட்டேன். "உட்காருங்க பெரியவரே. உங்ககிட்ட வாய்னா என்னன்னு கேட்டாங்க, காட்டினீங்க, சரியாத்தான் காட்டினீங்க. நான் ரொம்ப யோசிச்சேன். பத்திரத்துல இருக்கற சொல்லு வாயிலில். அதுக்கு என்ன அர்த்தம்னு உங்கள ஒருத்தர்கூட கேக்கலையே, ஏன்னு. கேட்டா நீங்க எங்க கையைக் காட்டுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக் கேட்டைத்தான் காட்டுவீங்க. கேக்காம விட்ட கேள்விதான் எனக்குப் பதில் சொல்லுச்சு." நந்தகோபன் ஐயா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார், தோற்றாலும் ஆட்டம் தெரிந்த மனுசன். "கேட்டுல கிடைச்ச விலைக்குத்தான் பங்கு. உலர்த்தினது, அழுத்தினது, குழாய், எதையும் கழிக்கக் கூடாது. கழிச்சதைத் திருப்பிக் குடுக்கணும்." அவ்வளவுதான். நாற்காலிகள் நகருகிற சத்தம். நான் நின்றுகொண்டேதான் இருக்கிறேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை, கால் உட்காரமாட்டேன் என்கிறது. வாயிலில். வாயிலில். நாக்கில் வைத்து உருட்டிப் பார்க்கிறேன், என்ன அழகான சொல், ஒரு எழுத்தும் கூடுதல் இல்லை, நகை ஆசாரி நிறுத்து வைத்த மாதிரி இருக்கிறது. அடித்த மகராசன் யாரோ, எந்த ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அடித்தானோ, பிழையோ சரியோ, அவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். வக்கீலம்மா திரும்பியது, கண்ணெல்லாம் தண்ணி. "ஐயா, அன்னைக்கு நீங்க வாயைக் காட்டுனப்ப நான் ஏன் குறுக்க வரலன்னு இப்பத் தெரியுதா?" தெரியவில்லையம்மா என்றேன், நிஜமாகவே தெரியவில்லை. "அவுக அடுத்த கேள்வியக் கேட்டுறக் கூடாதுன்னு கர்த்தர்கிட்ட மன்றாடிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டைக் காட்டியிருந்தா தலைவரு தன் ஊருக்காகத்தான சொல்லுவாருன்னு தள்ளியிருப்பாக, அவுக பயந்து கேக்காம விட்டதுதான் நமக்குச் சாட்சி." அடி ஆத்தி, இந்தப் பிள்ளை அன்றைக்கே ஜெயித்துவிட்டு, இத்தனை நாள் என்னை வேகவிட்டிருக்கிறது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல." "சொன்னா நீங்க ஊரெல்லாம் சொல்லியிருப்பீக." காதர், "சொல்லியிருப்பாரு" என்றான்.

வெளியே வந்தோம். நீண்ட நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், கதவுக்குக் கதவு நம்பர், மெழுகு தடவிய வாசனை, எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. காதர் போனை எடுத்து என் வீட்டு நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தான், நீயே சொல்லு மாமா என்று. மணி அடிக்கிறது. ராக்கு எடுத்துவிட்டாள், மூச்சு மட்டும் கேட்கிறது, பின்னால் ஆட்கள் நிற்கிற சத்தம், ஊரே என் வீட்டில் நிற்கிறதா என்ன. ஜெயிச்சுட்டோம் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், சின்னச் சொல்தான், வரமாட்டேன் என்கிறது. அப்போது சீனியம்மா. விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சீனியம்மா, கைப்பையைத் தரையில் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், தலையை நிமிர்த்திக் குலவையிட்டாள். அந்த ஏ.சி. நடையில், அந்தக் கம்பளத்தில், நாக்கைச் சுழற்றி, ஒரு நடவு வயலுக்கே கேட்கிற குலவை. கதவுகள் திறந்தன, தலைகள் எட்டிப் பார்த்தன, தொப்பி போட்ட ஓட்டல்காரர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார், காதர் அவரிடம், "ஒண்ணுமில்லண்ணே, நல்ல காரியம்" என்கிறான். அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி, மறுபடி எடுத்தாள். ராக்கு என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை. போனுக்குள்ளிருந்து ஒரு குலவை கிளம்புகிறது, என் காதை ஒட்டி, ராக்குதான், கல்யாணம் பண்ணி இத்தனை காலத்தில் அவள் இப்படி இட்டு நான் கேட்டதில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொன்று, அது காதர் சம்சாரம் நூர்ஜகான், அவளுக்குக் குலவை வராது, வந்த மட்டும் இடுகிறாள். அப்புறம் மேலத்தெருக் கறுப்பாயி, கீச்சுக் குரல். அப்புறம் சீனியம்மாவின் இரண்டு மருமகள்களும், தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே மூச்சில் சேர்ந்து. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டு வருகிறேன், இது இன்னார், இது இன்னார் என்று, கொஞ்ச நேரம்தான், பிறகு பிரிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே குரலாகிவிட்டது, யாருடையது என்று என் காதுக்கும் தெரியவில்லை.